பதினான்கு படிகள்

தவறு கொத்தனாருடையது அல்ல, என்னுடையது. இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

போடிமெட்டுச் சாலையில் ஜீப்பில் போகையில்தான் அந்த யோசனை வந்தது. பனிமூட்டத்தில் மலை தெரியவில்லை. உச்சியில் ஒரேயொரு விளக்கு மட்டும் மிதந்தது. அதை விரலால் பிடித்து இழுத்தால் மலையே நீளும் போலிருந்தது... வரைபட மென்பொருளில் அப்படியொரு படிக்கட்டு செய்தால் என்ன? உச்சியில் ஒரு ஹாட்ஸ்பாட், அதாவது பிடித்து இழுக்கும் புள்ளி. மவுஸால் இழுத்தால் போதும், எந்தச் சரிவுக்கும் படிக்கட்டு தானே வளரும்.

இரண்டே நாளில் நிரல் எழுதினேன். இழுக்க இழுக்க, ஏலச்செடியின் தட்டைகள் போலப் படிக்கட்டு எழும்பியது. சொக்கிப்போனேன்.

மலைமேல் ஓர் எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் படிக்கட்டு வரையும் சோலி கிடைத்தது. முதலில் பதினான்கு படி வரைந்தேன். சரிவின் உயரம் அதைவிட மூன்றரை அடி கூடுதல் என்றார் சூப்பர்வைசர். இழுத்தேன், நீண்டது. அச்செடுத்துக் கொடுத்தேன்.

எண்ணிப் பார்த்தேனா? இல்லை. உயரம் கூடினால் படிகளின் எண்ணிக்கையும் கூட வேண்டும் என்று எழுத மறந்திருந்தேன். பதினான்கு படி பதினான்காகவே நின்றது. ஆறரை அங்குலப் படி ஒன்பதரை ஆகிவிட்டது.

சிலமலைக் கொத்தனார் கருப்பையா அண்ணன் தாளில் இருந்தபடியே கட்டினார்.

படியில் கால் வைத்து ஏற முடியவில்லை என்று சூப்பர்வைசர் போனில் கத்தியதும் என் தவறு எனக்குப் புரிந்துவிட்டது. ஜீப் ஏறுமுன்னே கோப்பை நகலெடுத்து, நகலைத் திருத்திவிட்டேன்.

மேலே, மூட்டையோடு நின்ற ஓர் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். “கொத்தனாரே, இது படியா, பரண் ஏணியா? பச்சக்காய் மூட்டையோட ஏற ஒட்டகத்தத்தேன் கொண்டாரணும்.”

“பிளான்ல உள்ளதத்தான் கட்டுனேன் ஆத்தா,” என்றார் அண்ணன். அவர் கையிலிருந்த தாள் மழையில் கூழாகியிருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். இருபது படிகள்.

“பிளான் சரியாத்தான் இருக்குண்ணே.”

அவர் திரையையே பார்த்தார். “அப்ப நாந்தேன் தப்பா எண்ணிட்டேன் போல.”

அந்த எஸ்டேட்டில் அவருக்கு அதன்பிறகு வேலையில்லை. அதைவிடப் பெரியது ஒன்று உண்டு... போடி பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டால், கையில் வேறு யாரோ வரைந்த பிளானோடு நிறுத்துகிறார்.

“தம்பி, இதுல எத்தன படின்னு வெரசா எண்ணிச் சொல்லு. எங் கண்ண நம்ப முடியல.”

எண்ணிச் சொல்கிறேன். நான் என்ன மனிதன்?

பழைய கோப்பை நான் அழிக்கவில்லை. நாளை அதைச் சிலமலைக்குக் கொண்டுபோகிறேன். மவுஸை அவர் கையில் கொடுத்து, அந்தப் புள்ளியை அவரையே இழுக்கச் சொல்லப்போகிறேன். படி உயரும்; எண்ணிக்கை மாறாது.

ஒவ்வொன்றாக அவர் எண்ணி முடிக்கும்வரை நான் அங்கேயே நிற்க வேண்டும்...