சீனியம்மாவின் மாப்பிள்ளை அழைப்பு

என் பேத்தி நேற்றுச் சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம். மூடியைத் திறந்ததும் கிளம்பிய வாசனை நேராக என் மூக்கில் ஏறி, கம்பம் ஊரில் ஒரு கீற்றுக் கொட்டகைக்குள் என்னைக் கொண்டுபோய் இறக்கிவிட்டது. அறுந்த ஃபிலிமை ஒட்ட அந்தக் காலத்தில் ஒரு மருந்து வைத்திருப்போம். அச்சு அசல் இதே வாசனை.

"என்ன தாத்தா, கண்ணு கலங்குது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல ஆத்தா, நீ போடு" என்றேன். கல்யாணப் பெண்ணை உட்கார வைத்து இந்தக் கதையெல்லாம் சொல்ல முடியுமா? உங்களுக்குச் சொல்கிறேன்.

யுத்த காலம். நான் அந்தச் சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டர். பெரிதாக ஏதும் நினைத்துவிடாதீர்கள். கூலிக்கு வந்த இடத்தில், முன்னால் இருந்தவன் பட்டாளத்துக்கு ஓடிப்போனதால் கிடைத்த பதவி. கொட்டகையில் இருந்தது ஒரே மிஷின். ஒரு ரீல் முடிந்தால் படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்ட வேண்டும். கெட்டிக்காரன் வெற்றிலை மடிக்கிற நேரத்தில் மாட்டிவிடுவான். எனக்கோ அவசரத்தில் ஃபிலிம் அறுந்துபோகும், மருந்து தடவி ஊதிக்கொண்டிருப்பேன். மணலில் உட்கார்ந்திருக்கிற சனம் பொறுக்குமா? முதலில் விசில் வரும். அப்புறம் மணல் பறக்கும். அதற்கப்புறம் என்னைப் பெற்றவளை இழுப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் சீனியம்மா எழுந்து நிற்பாள்.

ஒல்லியான, நெடுநெடுவென்ற உருவம். ஐம்பதை நெருங்கிய வயது. சுங்குடிச் சேலைக்கு மேலே ஆம்பிளைக் கோட்டு. "லோயர் கேம்புல ஒரு தொரை எனக்குச் சீதனமாக் குடுத்தாக" என்பாள். கம்பம் சந்தையில் பேரம் பேசி வாங்கியது என்று ஊருக்கே தெரியும். கையில் மடக்கிய குடை. மழைக்கும் விரிக்கமாட்டாள், வெயிலுக்கும் விரிக்கமாட்டாள். பாட்டு கிடையாது, ஆட்டம் கிடையாது, கூட நடிக்க ஆள் கிடையாது. நின்று பேசுவாள், அவ்வளவுதான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும். அவள் முகத்தில் மட்டும் சிரிப்பு வராது.

"ஏலே, அங்கன தூணுக்குப் பின்னால ஒளியுற மீசை! எந்திரி. எனக்கு ஒரு மாப்பிள்ளை தேவைப்படுது. மாடு எத்தனை வச்சிருக்க?"

"ரெண்டு."

"உன்னையும் சேத்தா, சேக்காமலா?"

தினம் ஒருவனை எழுப்பி இப்படி மாப்பிள்ளை பார்ப்பாள். ஒருவனையும் பிடிக்காது அவளுக்கு. அதற்குள் நான் ரீலை மாட்டிவிடுவேன். அப்பாடா என்று மூச்சு வரும். என் பிழைப்பு அவள் வாயால் ஓடியது என்று சொன்னால் பொய்யில்லை.

அவள் ஊர் ஆண்டிபட்டிப் பக்கம், தறிக்காரக் குடும்பம். மாப்பிள்ளை அழைப்பின்போது பெண் வீட்டுப் பொம்பளைகள் மாப்பிள்ளையைக் கேலி பண்ணுவது நம் பக்கத்து வழக்கம்தானே? மணப்பெண் மட்டும் வாயைத் திறக்கக்கூடாது. இவள் தன் கல்யாணத்தில் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கிறாள். கூடியிருந்த சனமெல்லாம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்த வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அப்படி என்னதான் சொன்ன ஆத்தா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதச் சொன்னா நீயும் போயிருவ" என்றாள்.

அப்புறம் நாடகக் கம்பெனி. அங்கே பபூன் வேஷக்காரனுக்கு இவளைக் கண்டாலே ஆகாது. இவள் பேச்சுக்குச் சிரித்த சனம் அவன் பேச்சுக்குக் கொட்டாவி விட்டால் அவனும்தான் என்ன செய்வான்? அவன் முதலாளியிடம் அழுதான், இவளை அனுப்பிவிட்டார்கள். பிறந்த வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். கடைசியில் எங்கள் கொட்டகையில் வந்து ஒதுங்கினாள். பின்பக்கம் ஓர் ஓலைச் சாய்ப்பு, அதுதான் வீடு.

இன்னொரு கூத்தும் உண்டு. ஒரு படத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. திரைக்கு முதுகைக் காட்டி, சனத்தைப் பார்த்தே உட்கார்ந்திருப்பாள்.

"திரும்பிப் படத்தைப் பாரேன் ஆத்தா."

"படம் தெனம் ஒண்ணுதான ஓடுது? இவுக மூஞ்சி தெனம் மாறுதுல்ல?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கொட்டகை முதலாளி ஒருநாள் அவளைக் கூப்பிட்டார். பெண்டாட்டி இல்லாத மனிதர். வாசலில் கட்டிலைப் போட்டு, உள்ளே போகிற ஒவ்வொரு தலையையும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "சீனியம்மா, சித்திரை வரைக்கும் இரு. பெறகு இங்கன ரெண்டு மிசினு வருது. படம் நிக்காம ஓடும். ஒனக்கு வேலை இருக்காது" என்றார்.

அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். என்னிடம், "நிக்காமயா ஓடும்? சனம் மூச்சு விட வேணாமா?" என்று மட்டும் கேட்டாள். இந்த வயதில் இவள் எங்கே போவாள்? நான் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரைக்கு முன்னாலேயே அது நடந்தது. முதல் ஆட்டம், சாமி படம். பிள்ளையும் குட்டியுமாகக் கொட்டகை நிறைந்து கிடந்தது. ஓடிக்கொண்டிருந்த ஃபிலிம் மிஷினுக்குள் சிக்கி நின்றது. அந்தக் காலத்து ஃபிலிம் சூடத்துக்கு அண்ணன். குப்பென்று பிடித்துக்கொண்டது. மணலை அள்ளி வீசினேன், ஈரச் சாக்கைப் போட்டேன். ஒரு நாக்கு மேலே எழும்பிக் கூரைக் கீற்றைத் தொட்டுவிட்டது. "தீ" என்று ஒரு குரல் கிளம்பினால் போதும், அந்தக் குறுகல் வாசலில் பச்சைப் பிள்ளைகள் மிதிபட்டே செத்துப்போகும். கத்தவும் முடியவில்லை, கத்தாமலிருக்கவும் முடியவில்லை. மிஷின் இருந்த தகர அறையின் ஓட்டை வழியே பார்த்தேன். எல்லாத் தலைகளும் திரையைப் பார்த்து இருந்தன. ஒரே ஒரு முகம்தான் என் பக்கம் பார்த்தது.

சீனியம்மா எழுந்தாள். ரீல் மாற்றுகிற நேரம் என்று சனம் நினைத்துக்கொண்டது.

"ஆத்தாமாருகளா! இத்தனை நாளாத் தேடுன மாப்பிள்ளை ஆம்புட்டுட்டாரு!" குடையை நீட்டி வாசல் கட்டிலைக் காட்டினாள். முதலாளி பதறி எழுந்தார். கொட்டகையே அதிர்ந்தது.

"மாப்பிள்ளை அழைப்பு வெளிய களத்துமேட்டுல! உள்ள உக்காந்திருக்கிறவுக பொண்ணு வீட்டுக்காரக, சீர் செய்யணும். வெளிய வந்தவுக மாப்பிள்ளை வீட்டுக்காரக, சோறு திங்கலாம். எது வசதின்னு பாத்துக்கங்க!"

நம் ஊரில் பெண் வீட்டாராக இருக்க எவன் சம்மதிப்பான்? மொத்தச் சனமும் எழுந்துவிட்டது.

"பிள்ளைக்காரிக முன்னாடி போங்க, ஆரத்தி எடுக்கணும்! தள்ளுறவனுக்கு இந்த ஊர்ல பொண்ணு கெடையாது!"

ஒருத்தி குலவை போட்டாள். அவளோடு இன்னும் பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். தகர அறைக்குள் புகையில் இருமிக்கொண்டே அந்தக் குலவை மெல்ல மெல்ல வெளியே போவதைக் கேட்டேன். கோயில் வாசலில்கூட நான் அப்படிக் கும்பிட்டதில்லை.

சத்தம் முழுக்க வெளியே போன பிறகு, தகரக் கதவில் குடைக்காம்பு படார் படாரென்று இடித்தது.

"ஏலே மிசினுக்காரா! நீ என்ன பொண்ணு வீடா? வெளிய வாடா!"

வந்தேன். நாங்கள் களத்துமேட்டை எட்டும்போது பின்னால் கூரை பற்றி எரிந்தது. அப்போதுதான் சனம் திரும்பிப் பார்த்தது. சிரிப்பு அப்படியே நின்றது. தாய்மார்கள் பிள்ளைகளை இறுக்கிக்கொண்டு அழுதார்கள். ஒரு உயிருக்கும் சேதமில்லை. எனக்குப் புருவம் மட்டும் போயிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சீனியம்மா கரி அப்பிய என் முகத்தைத் தடவிப் பார்த்து, "மாப்பிள்ளைத் தோழனுக்கு மை ஜாஸ்தி" என்றாள். ஓவென்று அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முதலாளி கடன் வாங்கித் தகரக் கூரை போட்டார், இரண்டு மிஷினும் வாங்கினார். திறப்பு நாளில் முதல் ரீல் முடிந்தது, அடுத்த மிஷின் எடுத்துக்கொண்டது, படம் நிற்காமல் ஓடியது. சீனியம்மா வழக்கமான இடத்தில், திரைக்கு முதுகைக் காட்டிக் கடைசித் தடவையாக உட்கார்ந்திருந்தாள். கீழே ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. பிறகு விசில். ஐயோ, இப்போது நான் என்ன செய்தேன் என்று மிஷினைப் பார்த்தேன்.

"நிறுத்துடா படத்த! சோறு போடுறேன்னு கூட்டிட்டுப் போனவுக எங்க? இன்னும் எலை போடலயே!" என்று சனம் கத்தியது.

முதலாளி மூச்சிரைக்க என் அறைக்குப் படியேறி வந்தார். "நிப்பாட்டுடா" என்றார். "சீனியம்மா இருக்கிற மட்டும் ஆட்டத்துக்கு ஒரு தரம் நிப்பாட்டணும்."

விளக்கைப் போட்டேன். அவள் எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மொதலாளி, தாலி கொண்டாந்திருக்கீகளா?" என்றாள். அன்றைக்கு அவளும் சிரித்தாள். அப்பாடா! என் ஆயுசில் அப்படி ஒரு மூச்சு விட்டதில்லை.

அவள் போய், முதலாளி போய், கொட்டகையும் போயிற்று. அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பேத்தி கல்யாணம் அங்கேதான். மாப்பிள்ளை காரில் வந்து இறங்குவார், வீடியோ வெளிச்சம் போடுவார்கள், குலவையை டேப்பில் ஓட்டுவார்கள். கேலி பேசினால் சம்பந்தி கோபித்துக்கொள்வார் என்று எல்லோருக்கும் இப்போதே சொல்லி வைத்தாயிற்று. நான் பெண் வீட்டுக்காரன். உள்ளேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். கதவை இடித்து, வெளிய வாடா என்று என்னைக் கூப்பிட ஆளில்லை.