மகளுக்கான காற்று

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. எதிர்வீட்டுக் கூரைகூட மங்கலாகத் தெரியும் அளவுக்குப் புகைமூட்டம் படிந்திருந்த நாட்கள். பள்ளிகளை இன்னும் மூடவில்லை. கிள்ளானிலிருந்து ஷா ஆலமில் இருந்த அவள் பள்ளிக்கு நான்தான் தினமும் காரில் கொண்டுபோய் விடுவேன். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே வீசிங். கண்ணாடிகளை ஏற்றி ஏர்கானைப் போட்டுவிட்டால் கார் பத்திரமான இடம் என்று நம்பியிருந்தேன்.

ஒரு நாள் காலை, பாதி வழியில் பின்சீட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மெல்லிய விசில் போல இழுக்கும் மூச்சு. காரை ஓரங்கட்டி இன்ஹேலரைக் கொடுத்தேன். மூச்சு சீராகும்வரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு வீட்டுக்கே திரும்பினேன். அவ்வளவு நேரமும் ஒரு கண்ணாடிகூடத் திறந்திருக்கவில்லை.

அன்று மத்தியானமே வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். மகளுக்கு நடந்ததைச் சொன்னதும் மெக்கானிக் டேஷ்போர்டின் இடதுபக்க அறையைக் கழற்றி, உள்ளேயிருந்து தட்டையான ஏர்கான் பில்டர் ஒன்றை உருவினார். கன்னங்கரேலென்று இருந்தது. மடிப்புகளில் காய்ந்த இலைத் துணுக்குகள், பூச்சிச் சிறகுகள்.

“அண்ணே, இத எப்ப மாத்துனீங்க?”

“இப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது லா.”

அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். “சிகரெட் வாடையும் வருதே அண்ணே. பிள்ளைய இதுலதானே ஏத்திட்டுப் போறீங்க?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, ஆபீஸ் போகும் வழியில் தினமும் ஒரு சிகரெட் பிடிப்பேன். கண்ணாடியை இறக்கிவிட்டுத்தானே பிடிக்கிறேன், புகை வெளியே போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். சாயங்காலம் அதே காரில்தான் அவள் ஏறி வீடு வந்தாள்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. “நாளைலேர்ந்து நானே அவள பஸ்ல கூட்டிட்டுப் போறேன்” என்றாள். இரண்டு வாரம் அப்படியே செய்தாள். நான் காலியான காரில் தனியாக வேலைக்குப் போனேன். அந்த இரண்டு வாரத்தில் சிகரெட்டை விட்டேன். பிறகு தொடவே இல்லை.

மகள் மறுபடி காரில் ஏறுவதற்குள் சீட்டுத் துணிகளை ஊறவைத்துக் கழுவினேன். வாசனைக் குப்பியைத் தூக்கிப் போட்டேன். அதன்பின் மழையில் நனைந்த கால்மிதியை ஒருநாள்கூடக் காருக்குள் விட்டதில்லை. வீடு நெருங்கும்போது ஏர்கானை அணைத்துக் காற்றாடியை மட்டும் ஓடவிடுவேன், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கக் கூடாதென்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளையும் கூட்டிக்கொண்டு அதே மெக்கானிக்கிடம் போய்ப் புது பில்டர் போடுவேன்.

முன்சீட்டில் உட்காரும் வயது வந்ததும் காற்றுப் பொத்தானை அவளே எடுத்துக்கொண்டாள். முன்னால் கரும்புகை கக்கும் வண்டி தெரிந்தால் போதும், “அப்பா, லோரி!” என்று கத்திக்கொண்டே வெளிக்காற்றை அடைப்பாள். அதைத் தாண்டியதும் திறப்பாள். “ரொம்ப நேரம் மூடி வச்சா தூக்கம் வரும்னு அந்த மெக்கானிக் அங்கிள் சொன்னாருல்ல?” என்று எனக்கே பாடம் எடுப்பாள். பள்ளி முடியும்வரை எங்கள் காலைப்பொழுதுகள் இப்படித்தான் போயின. வேறு பெரிதாக எதுவும் பேசிக்கொண்டதாக நினைவில்லை. இப்போது நான் ஏங்குவது அந்தப் பேச்சில்லாத காலைகளுக்குத்தான்.

படிக்கக் குளிர்நாடு ஒன்றுக்குப் போனவள் அங்கேயே வேலையும் தேடிக்கொண்டாள். ஒருமுறை போனில், “அப்பா, இந்த வருஷம் ஒரு தடவகூட இன்ஹேலர் எடுக்கல” என்றாள். குரலில் அவ்வளவு பெருமை. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ‘இங்கேயே வந்துடும்மா’ என்று சொல்ல அன்றோடு எனக்கு வாய் வராமல் போயிற்று. இத்தனை வருஷம் பாடுபட்டு ஒரு காருக்குள் நான் செய்துகொடுத்த காற்று, அங்கே தெருவெல்லாம் சும்மா கிடைக்கிறது.

போன வருஷம் பத்து நாள் லீவில் வந்தாள். விமான நிலையத்திலிருந்து நேராகப் பிரிக்ஃபீல்ட்ஸ் போகச் சொன்னாள், வாழையிலைச் சாப்பாட்டுக்கு. பூக்கடைகளும் பலகாரக் கடைகளும் இருக்கும் தெருவில் கார் நெரிசலில் நின்றது. சட்டென்று தன்பக்கக் கண்ணாடியை முழுக்க இறக்கினாள். மல்லிகை, வடை பொரியும் எண்ணெய், சாம்பிராணி, பஸ் புகை எல்லாம் ஒன்றாக உள்ளே வந்தன.

“ஏத்துடா, மூச்சு இழுக்கும்” என்றேன்.

“கொஞ்ச நேரம்ப்பா. அங்க எதுவுமே மணக்காது” என்றாள். கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக இழுத்தாள். நான் பயத்தோடு அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

திரும்பிப் போகும் நாளில், செக்-இன் முடித்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்களும் அம்மாவும் அங்க வந்து கொஞ்ச நாள் இருங்களேன்.”

“பாக்கலாம்மா” என்றேன்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. போன வாரம் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். மனைவி அதை வாங்கி, என் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தாள். இருவருமே மகளிடம் இன்னும் சொல்லவில்லை.