வலது பக்க சீட்டில் யார்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பரை விரித்துக்கொண்டு அப்போதுதான் உட்கார்ந்தேன். வாசலில் சேவியர்.

"சார், சட்டையப் போடுங்க. ஸ்போர்ட்ஸ் கார் பாக்கப் போறோம்."

காரைக்காலில் ஸ்போர்ட்ஸ் காரா? இங்கே வண்டியை எடுத்து, டாப் கியர் போட்டு, கொஞ்சம் உற்சாகமாகப் பாட்டு முணுமுணுக்கலாம் என்று நினைப்பதற்குள் தமிழ்நாடு செக்போஸ்ட் வந்துவிடும். எந்த ரோட்டில் போனாலும் இதே கதைதான். அப்படிப்பட்ட ஊரில் ஒருவனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை எப்படி வருகிறது? எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பேப்பரை மடித்து வைத்தேன்.

சேவியர் எங்கள் தெருப் பையன். அரசாங்க ஆபீஸில் கிளார்க். அப்பா இல்லை. அம்மாவுக்கு ஒரே பிள்ளை. மற்ற பையன்கள் சினிமாப் பத்திரிகை வாங்குகிற வயதில் இவன் வெளிநாட்டுக் கார் பத்திரிகைகளைப் பழைய பேப்பர் கடையில் தேடிப் பிடிப்பான்.

சரி, என்னை எதற்குக் கூப்பிடுகிறான்? பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் முன்பொரு தடவை என் ஸ்கூட்டர் நடுரோட்டில் நின்றுபோன கதையை எழுதினேன் — ஞாபகம் இருக்கிறதா? அதிலிருந்து எனக்கு வண்டி விஷயம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவனுக்கு இப்படி ஒரு மரியாதை வேறு எங்கே கிடைக்கும்?

"வாங்கி என்னடா பண்ணப் போற?"

"மொதல்ல வாங்குறது சார். அப்பறம் ஒவ்வொண்ணா மாத்துறது. அகல டயரு, ரெட்டை கார்புரேட்டரு, புது சைலன்சரு... கலரு மஞ்சள்."

"எல்லாத்தையும் மாத்திட்டா அந்தக் கார்ல என்னதான் மிச்சம் இருக்கும்?"

கொஞ்சம் யோசித்தான். "ஸ்பீடு" என்றான். பிறகு குரலை இறக்கி, "ஆனா ஒண்ணு சார். அம்மா சரின்னு சொன்னாத்தான் வாங்குவேன். அவங்க வேணாம்னா வேணாம்" என்றான்.

முதல் கார் தருமபுரத்தில் இருந்தது. சொந்தக்காரர் முசே அந்துவான் (எங்கள் ஊரில் 'முசே' என்றால் ஐயா), பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் கூடவே கொண்டுவந்த கார். சிவப்பு நிறம், இரண்டே சீட், மேலே துணிக்கூரை. கடல்காற்று கதவுகளின் அடிப்பக்கத்தைத் தின்றிருந்தது. டிரைவர் சீட்டில் ஒரு பூனை மூன்று குட்டிகளோடு படுத்திருந்தது. நாங்கள் கதவைத் திறந்ததும், டாக்ஸியில் இடம் கேட்டு வந்தவர்களைப் பார்ப்பது போல எங்களைப் பார்த்தது.

ஸ்டீயரிங் இடது பக்கம்! பின்னால் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று வெள்ளைப் பெயின்ட்டில் எச்சரிக்கை வேறு.

"நம்ம ஊர்ல இதை எப்படிங்க ஓட்டுனீங்க?" என்று கேட்டேன். "முன்னாடி ஒரு பஸ் போனா, எதுத்தாப்புல என்ன வருதுன்னே உங்களுக்குத் தெரியாதே?"

"எனக்கு ஏன் தெரியணும்? எங்க மதாமுக்குத் தெரியும்" என்றார்.

விஷயம் இதுதான். இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு முன்னால் போகும் பஸ்ஸின் முதுகு மட்டும்தான் தெரியும். வலது சீட்டில் இருப்பவர் தலையை நீட்டி, ரோட்டைப் பார்த்து, 'போகலாம்' என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தாண்ட முடியும். இத்தனை வருஷமும் அவர் மனைவி சொன்னார். இவர் போனார். அந்த அம்மாள் காலமான பிறகு கார் ஷெட்டைவிட்டு வெளியே வரவில்லை.

காபி வந்தது. பிஸ்கட் வந்தது. எஞ்சினைக் காட்டினார். துணிக்கூரையை மடக்கிக் காட்டினார். விற்கிற மனிதர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் சேவியரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வலது பக்க சீட்டுல யாரு உக்காருவாங்க தம்பி?"

சேவியர் பளிச்சென்று சொன்னான்: "அந்தக் கவலையே வேணாம் முசே. ஸ்டீயரிங்கையே வலது பக்கம் மாத்திப்புடுவேன்!"

முசேயின் முகம் மாறியது. எழுந்தார். ஷெட் கதவைச் சாத்தினார். "நல்லதுங்க. பாத்துப் போயிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். என் காபி பாதி டம்ளரில் இருந்தது.

வாசலில் வைத்து அடுத்த வீட்டுக்காரர் சொன்னார்: "யாருக்கும் குடுக்க மாட்டாருங்க. வர்றவங்களுக்கெல்லாம் காபி உண்டு, கார் கிடையாது."

இரண்டாவது கார் திருநள்ளாறில். இதன் கதை இன்னும் விசேஷம்.

நள தீர்த்தத்தில் முழுகுகிறவர்கள் கட்டியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போவது உங்களுக்குத் தெரிந்ததுதான். துணியோடு சனியும் போய்விடும், திரும்பிப் பார்க்கக் கூடாது. வெளியூர் மில்காரர் வீட்டுப் பையன் ஒருவன் இந்தக் கார் வாங்கின நாளிலிருந்து ஏகப்பட்ட தொல்லை என்று பரிகாரம் செய்ய வந்திருக்கிறான். வந்ததும் அதே காரில்தான். முழுகி எழுந்தவனுக்கு ஒரு ஞானம் — துணியை மட்டும் விட்டால் போதுமா? சாவியை லாட்ஜ் மேனேஜரிடம் கொடுத்து, "வந்த விலைக்கு வித்து அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான். திரும்பியே பார்க்கவில்லையாம்.

கார் கறுப்பு. இதைவிட வேறென்ன வேண்டும்? உள்ளூர்க்காரர்கள் யாரும் தொடவில்லை. குளத்தில் ஒருவர் விட்ட துணியை இன்னொருவர் எடுத்து உடுத்துவாரா?

"எடுத்துட்டுப் போயிடுங்க சார், புண்ணியமாப் போவும்" என்று மேனேஜர் கெஞ்சினார். "வாசல்ல இது நிக்கிறதப் பாத்துட்டு ரூம் கேட்டு வர்றவங்க எதிர் லாட்ஜுக்குப் போயிடுறாங்க."

ஆனால் காரைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. சாவியைத் திருப்பினதும் உறுமியது. துரு இல்லை. ஸ்டீயரிங் வலது பக்கம். பக்கத்தில் என்னை உட்கார வைத்து வயல்களுக்கு நடுவே சேவியர் ஒரு சுற்று போய் வந்தான். என் வேட்டியின் ஒரு முனை காற்றில் கொடி மாதிரி பறந்தது. இறங்கும்போது எனக்கே ஆசையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"நாம வேதக்காரங்க சார். சனி நம்மள என்ன பண்ணும்?" என்றான் சேவியர். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

மறுநாள் தொங்கின முகத்தோடு வந்தான். "அம்மா வேணாங்கறாங்க. சனி புடிச்ச வண்டியாம்."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சேவியரின் அம்மா ரெஜினா, காலைப் பூசைக்கு மணி அடிப்பதற்கு முன்பே கோயில் வாசலில் நிற்கிறவர். அவருக்குச் சனீஸ்வரனிடம் என்ன பயம்? இந்தப் பக்கத்துத் தண்ணீர் குடித்தால் எல்லோருக்கும் கொஞ்சம் சனி பயம் வந்துவிடுமோ? என் மனைவி, "அடுத்தவங்க வீட்டு விஷயம், நீங்க சும்மா இருங்க" என்றாள். சும்மா இருந்தால் இந்தப் பத்தியை யார் நிரப்புவது? சாயங்காலமே போய்விட்டேன். சேவியர் ஆபீஸிலிருந்து வந்திருக்கவில்லை.

ரெஜினா அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். நேராகவே கேட்டேன்.

"ஏம்மா, நெசமாவே சனிக்குப் பயப்படுறீங்களா?"

அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். "எனக்கு ஏதுங்க சனி? மாதா இருக்கறப்ப."

"அப்பறம்?"

"வேற என்னத்தச் சொல்லச் சொல்றீங்க?" முறத்தைக் கீழே வைத்தார். "அவங்கப்பா மோட்டார் சைக்கிள் வச்சிருந்தாங்க. நான் பின்னாடி உக்காருவேன். முன்னாடி போற வண்டியத் தாண்டணும்னா அவங்களுக்கு அப்படி ஒரு குஷி. நான் தோள்ல ஒரு கிள்ளு கிள்ளுவேன். உடனே மெதுவாப் போவாங்க. அன்னிக்கி நாகப்பட்டினத்துக்குத் தனியாப் போனாங்க. மழை. லாரியத் தாண்டப் பாத்திருக்காங்க..."

முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார்.

"கிள்ள ஆளில்லைங்க அன்னிக்கி" என்றார். "இதப் புள்ளகிட்ட எப்படிச் சொல்றது? அவங்கப்பா மாதிரியே நீயும் போயிடுவேன்னு பெத்தவ வாயால சொல்லலாமா? அதான் சனி மேல பழியப் போட்டேன். அது பாட்டுக்கு இருக்குற சாமி, கோச்சுக்காது."

ஒரு மனுஷி தன் பயத்தை வெளியில் காட்டாமல் இருக்க, தான் கும்பிடாத சாமியிடம் போய் ஒளிந்துகொண்டிருக்கிறார். எத்தனை வீடுகளில் எத்தனை 'ஜாதகம் சரியில்லை', 'நாள் நல்லால்லை'க்குப் பின்னால் இப்படி ஒரு மழை நாள் இருக்கிறதோ?

பேச்சை மாற்ற வேண்டுமே என்று தருமபுரத்துக் காரைப் பற்றிச் சொன்னேன். பூனைக்குட்டி, பாதி காபி, இடது பக்க ஸ்டீயரிங்... அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இருங்க. அந்தக் கார்ல முன்னாடி ஒரு பஸ் போவுது. தாண்டணும். என்ன பண்ணுவாங்க?"

"வலது பக்கம் இருக்கறவங்க பாத்துச் சொல்லணும்."

"அவங்க போன்னு சொல்லலேன்னா?"

"பஸ்ஸுக்குப் பின்னாடியே போக வேண்டியதுதான்."

"தனியா ஓட்டிட்டுப் போனா?"

"அப்பவும் பஸ்ஸுக்குப் பின்னாடிதான். பட்டாளத்துல இருந்த முசேயே தனியா எடுக்கறதில்ல."

ரெஜினா அம்மா முறத்தை மறுபடி எடுத்தார். இரண்டு தடவை புடைத்தார். பிறகு கேட்டார்: "நாளைக்கு எங்களை அங்க கூட்டிட்டுப் போறீங்களா?"

மறுநாள் மூவரும் போனோம். முசே அந்துவான் சேவியரைப் பார்த்ததும் ஷெட் பக்கமே திரும்பவில்லை. ரெஜினா அம்மா எதையும் கேட்கவில்லை. நேராக ஷெட்டுக்குப் போனார், வலது பக்கக் கதவைத் திறந்தார், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தார். தரையோடு தரையாக இருக்கிற சீட். ஏறுவது என்று சொல்ல முடியாது, இறங்குவதுதான்.

"இங்க நான் உக்காருவேங்க" என்றார்.

முசே அந்த சீட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் சேவியரிடம், "தம்பி, டயரை மாத்து, கலரை மாத்து, என்ன வேணா மாத்து. இந்த ஸ்டீயரிங்கை மட்டும் தொடக் கூடாது" என்றார்.

"தொட விட்டாத்தானே?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சேவியர் என்னைப் பார்த்தான். பாவம், அவனுக்கு எதுவும் புரியவில்லை. ஒரே நாளில் முசேயும் மாறிவிட்டார், அம்மாவும் மாறிவிட்டார். திருநள்ளாறுக் கார் அளவுக்கு இது நல்ல கார் இல்லை என்று என் காதில் முணுமுணுத்தான். உண்மைதான். வண்டி தெரிந்த எவனும் அந்தக் கறுப்புக் காரைத்தான் எடுப்பான். நான் எழுதுகிறவன் மாதிரி யோசித்து, "இதையே வாங்குடா" என்றேன். வண்டி விஷயத்தில் நான் சொல்லி ஒருவன் கேட்டது இதுதான் முதல் தடவை.

பூனையையும் குட்டிகளையும் முசே வைத்துக்கொண்டார்.

கதவின் அடித்தகடு மாறிவிட்டது. கலர் மஞ்சளாகிவிட்டது. சைலன்சர் மாறியதில் எங்கள் தெருவில் குழந்தைகள் மதியம் தூங்குவதில்லை. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். ரெட்டை கார்புரேட்டர் இன்னும் பத்திரிகையில்தான் இருக்கிறது.

போன ஞாயிறு பூசை முடிந்து திருநள்ளாறு ரோட்டில் என் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் யாத்ரீகர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் ஆடி அசைந்து போகிறது. அதன் பின்னால் மஞ்சள் கார். முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரெஜினா அம்மா வலது பக்கம் தலையை நீட்டிப் பார்க்கிறார், கையால் 'இரு' காட்டுகிறார். பார்க்கிறார், 'இரு' காட்டுகிறார். எதிரில் தூரத்தில் ஒரு மாட்டுவண்டி. அதற்கும் 'இரு'தான். நான் ஹாரன் அடித்துக்கொண்டு காரையும் பஸ்ஸையும் சேர்த்துத் தாண்டிப் போனேன். ஸ்போர்ட்ஸ் காரை ஓவர்டேக் செய்தவன் என்று இனி தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

அந்தப் பெருமை கடைத்தெரு வரைகூட நிலைக்கவில்லை. பின்னால் ஒரு உறுமல். மஞ்சளாக ஏதோ ஒன்று என்னைக் கடந்து போனது. அதிலிருந்து ஒரு பெண் குரல் சிரிப்பது மட்டும் கேட்டது.

மறுநாள் சேவியர் வலது தோளைத் தடவிக்கொண்டே வந்தான்.

"அம்மா கிள்ளிட்டாங்க சார்."

"மெதுவாப் போகச் சொல்லியா?"

"இல்ல சார்... அந்த ஸ்கூட்டரை விடாதேன்னு!"