காலிக்கட்டம்

அந்த முதியோர் இல்லத்தில் அவருக்குக் ‘காலிக்கட்டம்’ என்று பெயர் வைத்தவர் மேலாளர். திட்டுவதற்காக வைத்த பெயர்தான். அவரோ அதைப் பட்டம் கொடுத்த மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார். “காலிக்கட்டம் எங்கே?” என்று யாராவது கேட்டால் மாடியிலிருந்து “இதோ வந்துட்டேன்” என்று குரல் வரும். பத்தொன்பது வருடமாக வயதானவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, தூக்கி உட்காரவைத்து இடுப்பைத் தேய்த்துக்கொண்ட பெண்மணி. ஒரு பெயருக்கெல்லாம் நொந்துபோகிற ஆளா அவர்?

பெயர் வந்த கதை இரண்டாம் மாடியில் தொடங்குகிறது. அங்கே பதினான்கு பேர். பகலில் அவர்களைப் பார்த்துக்கொள்ள இரண்டே பேர், அவரும் அவருடைய தங்கையும். பதினான்கு பேரில் கடைசி அறைக்காரர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். பக்கவாதம் அவருடைய ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு வாயை மட்டும் விட்டுவைத்திருந்தது. தானாகப் புரண்டு படுக்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை யாராவது திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். திருப்புவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவர் “ரைட், போலாம்” என்று குரல் கொடுப்பார். கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கும். திருப்பியதும் அதில் ஒரு கட்டத்தில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பகலில் ஆறு கட்டம். ஒருத்தி குளியலறையில் வழுக்கி விழப் பார்க்கிற ஓர் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தால், இன்னொருத்தி தனியாக என்ன செய்வாள்? ஒரு தடவையோ இரண்டு தடவையோ தவறிவிடும். தவறினால் அக்கா அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். அவருடைய கணக்கு ரொம்பச் சுலபம்.

“கட்டம் நிரம்பிட்டா, இன்னொரு ஆள் எதுக்குன்னு கேப்பாங்க. காலியா இருந்தாத்தான் ஆள் பத்தலைன்னு தெரியும்.”

மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும் என்று அவர் கேட்டுக் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. மேலாளர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

முன்பெல்லாம் அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். வரவேற்பறையில் உட்காரவே மாட்டார். நேராகக் குளியலறைக்குப் போய்ச் சுடுதண்ணீர்க் குழாய்க்கு அடியில் கையை நீட்டுவார். அடுத்து போர்வைகளைத் தூக்கிப் பார்ப்பார். காலிக் கட்டங்களைப் பார்த்து ஏன் என்று கேட்டு எழுதிக்கொள்வார். பிறகு சட்டம் மாறியது. ஒரு தனியார் சான்று நிறுவனத்திடம் தரச்சான்று வாங்கிவிட்டால், மூன்று வருடத்துக்கு அரசாங்கத்துக்காரர்கள் வாசலை மிதிக்க மாட்டார்கள். எந்த நிறுவனம் என்று தேர்ந்தெடுப்பது இல்லம், கட்டணம் கட்டுவதும் இல்லம். வருகிற தேதியை இரண்டு மாதம் முன்பே கடிதம் போட்டுத் தெரிவித்துவிடுவார்கள்.

இதைக் கேட்டு நடத்துநருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “செக்கிங் எந்த ஸ்டாப்புல ஏறுவார்னு ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லிட்டா, எந்தக் கண்டக்டர்ம்மா மாட்டுவான்?”

இல்லாத பழியைப் போடக்கூடாது. இந்த இல்லத்துக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தது; அதோடு வந்த பட்டியலால் சில நல்ல காரியங்களும் நடந்தன. குளியலறைகளில் கைப்பிடிக் கம்பி வந்தது. மருந்து அலமாரிக்குப் பூட்டு வந்தது. ஆனால் பட்டியலில் இன்னொரு வரியும் இருந்தது: ‘பதிவு அட்டைகள் முழுமையாக இருக்க வேண்டும்.’

“காலியா இருக்கற கட்டத்தையெல்லாம் நிரப்பிடுங்க” என்றார் மேலாளர்.

“திருப்பாத ஆளைத் திருப்பினேன்னு எழுத மாட்டேன் சார்.”

“ஒரு கையெழுத்துதானேம்மா?”

“ஒரு முதுகு சார்.”

அன்றைக்குத்தான் பெயர் சூட்டு விழா நடந்தது. இவரிடம் பருப்பு வேகாது என்று தெரிந்ததும், மேலாளர் கடந்த மூன்று மாத அட்டைகளையும் அள்ளிக்கொண்டு போய் அலுவலக அறையில் தங்கையை உட்காரவைத்துப் பேனாவைக் கையில் கொடுத்தார். தங்கை பயந்த சுபாவம். யாராவது சத்தமாகப் பேசினாலே ஒதுங்கிக்கொள்வார். அரை நாள் உட்கார்ந்து அத்தனையையும் நிரப்பிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு மாடியேறி வந்தார்.

“அக்கா, நான் வேற என்ன பண்ணட்டும்? வேலை போயிடும்னாரு.”

அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனிவரை வந்தது. ஆனால் கத்தவில்லை. “நமக்கு மூணாவது ஆள் வேண்டாம்னு நீயே எழுதிக் குடுத்துட்ட, போ” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

மதிப்பீட்டாளர் சொன்ன தேதியில், சொன்ன நேரத்தில் வந்தார். மரியாதையான மனிதர், கையில் டேப்லெட். படுக்கை விரிப்புகள் கடையிலிருந்து வந்த மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தன. நடத்துநர் அறைக் கதவில் ‘உறங்குகிறார், தொந்தரவு செய்யாதீர்’ என்று ஓர் அட்டையை மாட்டியிருந்தார்கள். பகலில் கண்ணை மூடியதே இல்லாத மனிதர் அவர். மதிப்பீட்டாளர் வெளியிலேயே நின்று கோப்பைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

மாலை நான்கு மணிக்குக் கீழ்க்கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து முடிவுகளை வாசித்தார். “இரண்டாம் மாடி. நோயாளியைத் திருப்பிய பதிவு நூற்றுக்கு நூறு. இருக்கும் பணியாளர்கள் போதுமானவர்கள்.”

மேலாளர் கைதட்டினார். போதுமானவர்கள் என்ற அந்த ஒரு சொல்லில் இரண்டு வருடப் போராட்டம் முடிந்துபோனது அக்காவுக்குப் புரிந்தது. இனி மூன்று வருடத்துக்கு யாரும் வந்து போர்வையைத் தூக்கிப் பார்க்கப் போவதில்லை. அவர் எழுந்து நின்றார்.

“சார், போன மாசம் அஞ்சாம் தேதியிலேர்ந்து பதினஞ்சு வரைக்கும் கடைசி ரூம் அட்டையைப் பாருங்க. எல்லாக் கட்டமும் ரொம்பியிருக்கா?”

“ஆமா, முழுசா இருக்கு.”

“அந்தப் பதினோரு நாளும் அவர் இங்கேயே இல்ல. முதுகுப் புண்ணுக்கு ஆஸ்பத்திரியில படுத்திருந்தார். அதே ஃபைல்ல கடைசியில ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கும் பாருங்க. வெறும் கட்டிலை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டிருக்கோம்.”

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு அதை அப்படியே விழுங்கினார்கள்.

“ஏம்மா காலிக்கட்டம், உக்காரு” என்றார் மேலாளர்.

“பத்தொம்பது வருஷமா நின்னுதான் சார் வேலை பாக்கறேன். இப்ப மட்டும் எதுக்கு உக்காரணும்?”

மதிப்பீட்டாளர் சீட்டைத் தேடி எடுத்துப் படித்தார். “என் பட்டியல்ல அட்டை முழுசா இருக்கான்னுதான் கேள்வி” என்று மென்று முழுங்கினார்.

“பட்டியல் கேக்கலைன்னா என்ன சார், நீங்க கேக்கலாமே. கையைக் கழுவிட்டு மேல வாங்க. முதுகைப் பாருங்க.”

மேலாளர் சட்டென்று தங்கை பக்கம் திரும்பினார். “இதை எழுதினது யாரு?”

பழி தங்கை மேல் விழும் என்பதை ஆத்திரத்தில் யோசிக்காமல் விட்டுவிட்டோமே என்று அக்கா வாயைத் திறப்பதற்குள் தங்கை எழுந்துவிட்டார். இந்தத் தடவை தலையைக் குனியவில்லை.

“எழுதினது நான்தான் சார். ஆபீஸ் ரூம்ல உக்கார வெச்சுப் பேனா குடுத்தது நீங்க.”

மதிப்பீட்டாளர் கையைக் கழுவிக்கொண்டு மாடியேறினார். கதவில் தொங்கிய அட்டையை அக்கா கழற்றிச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே நடத்துநர் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தார்.

“வாங்க சார். செக்கிங்கா? டிக்கெட் எல்லாம் சரியாக் கிழிச்சிருக்கும். வண்டியிலதான் ஆள் இல்ல.”

அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். “ரைட், போலாம்” என்றார் நடத்துநர். உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது புண். மதிப்பீட்டாளர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ‘போதுமானவர்கள்’ என்பதை அழித்துவிட்டு, சகோதரிகள் இருவரும் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.

சான்று நின்றுபோனது. மூன்றாவது ஆளைப் போட்ட பிறகுதான் கிடைக்கும் என்று நிபந்தனை வந்தது. மேலாளர் ஒரு வாரம் குதியாய்க் குதித்தார். ஆனால் அறிக்கையில் பெயர் ஏறிவிட்டவர்களை வீட்டுக்கு அனுப்ப அவருக்குத் துணிச்சல் வரவில்லை. ஐந்தாவது வாரம் ஆள் வந்தது. தங்கும் விடுதியில் படுக்கை விரித்துப் பழகிய, தோள்பலம் உள்ள பெண். நடத்துநரின் புண் ஓரத்திலிருந்து மெல்ல ஆறத் தொடங்கியது. மூன்றாம் மாதம் சான்றும் வந்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறிக் கூடத்துச் சுவரில் உட்கார்ந்தது.

போன வாரம் ஒரு பெண் தன் அப்பாவைச் சேர்க்க வந்திருந்தார். மேலாளர் அந்தச் சட்டத்துக்குக் கீழே நின்று அதன் பெருமையை அளந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, “இதை நம்பலாமா?” என்று கேட்டார்.

துவைத்த துணிக் கூடையோடு போய்க்கொண்டிருந்த அக்கா நின்றார். கூடையை மேலாளர் காலடியிலேயே இறக்கி வைத்துவிட்டு, “என்கூட வாங்க” என்று அந்தப் பெண்ணை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நடத்துநரின் கட்டிலில் தொங்கிய அந்த வாரத்து அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் இரண்டு கட்டம் காலியாக இருந்தது.

“இந்த ரெண்டு தடவையும் நாங்க இவரைத் திருப்பல” என்றார். “அதனால மத்ததை நம்பலாம்.”