இன்னும் வீடு பிடிக்காதது

கடலூரில் கூட்டம் முடிந்து சிதம்பரம் பேருந்தில் ஏறியபோது போன் வந்தது. "மேடம், எஸ்தர் அக்கா போயிட்டாங்க." "எங்க?" என்று கேட்டுவிட்டேன். பிறகுதான் புரிந்தது.

பிச்சாவரம் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் நான் மருத்துவர், அக்கா உதவியாளர். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். நாலு பேர் முன்னால் பேச்சு வராது. மாட்டுக்காரர்களுக்கு அக்காதான் பதில் சொல்வார். "எங்க மேடத்துக்குக் கைதான் பேசும், வாய்க்கு லீவு."

பசுவின் மலக்குடல் வழியே கைவிட்டு இளஞ்சினை பார்க்கும்போது மட்டும் அவர் குரல் தாழும். "மெதுவா மேடம். அது இன்னும் வீடு புடிக்கல." நான் படித்ததும் அதுவே. ஐந்து வாரக் கருவின் உறை கருப்பைக்குள் நீளமாகப் பரவியிருக்கும். சுவரிலுள்ள முடிச்சுகளோடு அப்போதுதான் கோத்துக்கொள்ளத் தொடங்கும். கருப்பையை மெல்லப் பிடித்துவிடும்போது விரலிடுக்கில் அந்த உறை நூல்போல நழுவினால் சினை. ஒருமுறை போதும்; திரும்பத் திரும்பப் பிடித்தால் கலையக்கூடும்.

தனலட்சுமியின் ஒரே பசுவைப் பார்த்தபோது அந்த நூல் என் விரலில் நழுவியது. நான் நம்பாமல் மறுபடி பிடித்தேன். மூன்றாம் முறையும். "போதும் மேடம்," என்றார் அக்கா. தனலட்சுமி அப்போது தண்ணீர் எடுக்கப் போயிருந்தார்.

சில வாரங்களில் பசு மீண்டும் பருவத்துக்குக் கத்தியது. "எவ கை பட்டுக் கலைஞ்சிது?" என்று தனலட்சுமி வாசலில் நின்றார். நான் வாய் திறக்குமுன் அக்கா சொன்னார்: "நாந்தான் தனம். மேடம் வர்றதுக்குள்ள கைய வுட்டுப் பாத்துட்டேன்."

அவர்கள் இருவரும் ஒரே தெருக்காரர்கள். அன்றோடு பேச்சு நின்றது. ஏன் அக்கா என்றேன். "உங்களுக்கு இப்பதான் ஊர்ல பேரு வருது. அதுவும் இன்னும் வீடு புடிக்கல மேடம்."

ஊர் எல்லை ஆலமரத்தில், ஈன்ற பசுக்களின் நஞ்சுக்கொடியை, இளங்கொடி என்பதைச், சாக்கில் கட்டித் தொங்கவிடுவார்கள். அந்தப் பசுவிடமிருந்து கட்டுவதற்கு ஒன்றும் வரவில்லை. ஆனாலும் அவ்வழி போகும்போது நான் மூட்டைகளைப் பார்ப்பதில்லை. காலியான கிளையைத்தான் பார்க்கிறேன்.

அடக்கத்தன்று தனலட்சுமி தள்ளி நின்றிருந்தார். "ரெண்டு வருஷமா அவ மூஞ்சில முழிக்கல மேடம். ஒரு மாட்டுக்காவ." அப்போதும் எனக்குப் பேச்சு வரவில்லை.

இந்த அஞ்சலியை வாசிக்கும், அக்காவை அறிந்தவர்களே, இளஞ்சினை தானாகவும் கலையும். ஆனால் மூன்று முறை பிடித்தது என் விரல். அவர் அந்தப் பசுவைத் தொடவே இல்லை. இதைத் தனலட்சுமிக்கு நாளை நானே படித்துக் காட்டுவேன்.

இப்போதெல்லாம் ஒருமுறை நழுவியதும் கையை எடுத்துவிடுகிறேன். "போதும் மேடம்" என்று பின்னாலிருந்து கேட்கிறது. அந்தக் குரல்தான் என்னிடம் மிச்சம். திரும்பிப் பார்ப்பதில்லை.