அமைதிக்கு ஒரு கேடயம்

போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் கேடயம் கொடுத்துவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவது?

நம் திருப்பூரில், அருள்புரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. பிள்ளைகளில் பாதிக்கு மேல் பனியன் கம்பெனித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அங்கே மாதாமாதம் ‘அமைதியான வகுப்பு’ என்று ஒரு கேடயம் தருகிறார்கள். எந்த வகுப்பில் சத்தமே வரவில்லையோ, அந்த வகுப்புக்கு. இந்த மாதம் அதைக் கொடுக்க என்னை அழைத்திருந்தார்கள்.

“நம்ம ஸ்கூல்ல குண்டூசி உழுந்தாக் கேக்குமுங்க மேடம்” என்றார் தலைமையாசிரியர், பெருமை பொங்க.

குண்டூசிச் சத்தம் கேட்பதற்குப் பிள்ளைகள் எதற்கு சார்? பூட்டின கட்டடத்தில் இன்னும் நன்றாகக் கேட்குமே... கேட்க நினைத்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது.

டீ கொண்டுவந்தவர் ஜெனிஃபர் டீச்சர். ஆறாம் வகுப்பு. வேலைக்குச் சேர்ந்து இதுதான் முதல் வருடம். அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள்.

“புது டீச்சருங்க. நல்லாத்தான் நடத்துறாங்க, ஆனா கிளாஸ் கன்ட்ரோல் பத்தலீங்க” என்றார் தலைமையாசிரியர், அவரை வைத்துக்கொண்டே. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போனது.

தலைமையாசிரியர் வேலையாக வெளியே போனதும் ஜெனிஃபரிடம் கேட்டேன். “என்னம்மா, பசங்க ரொம்பப் படுத்துறாங்களா?”

“இல்லக்கா. நாந்தான் ஒரு பிள்ளைய படுத்திட்டேன்” என்றார்.

புது டீச்சர்களுக்கு சீனியர்கள் வழங்கும் இலவச அறிவுரைகளைக் கேட்டிருக்கிறீர்களா? முதல் மாதம் சிரிக்காதே. சிரித்தால் தலைமேல் ஏறிவிடுவார்கள். இரண்டு பேர் பேசினால் உடனே பிரித்து உட்கார வை. ஜெனிஃபரும் அப்படியே செய்திருக்கிறார். பேசிக்கொண்டே இருந்தது இரண்டு பெண்கள் — ரேஷ்மா, பூஜா. ரேஷ்மாவுக்கு முதல் பெஞ்ச், பூஜாவுக்குக் கடைசி பெஞ்ச்.

“சத்தம் நின்னுட்டுக்கா. ஹெச்.எம். வந்து எட்டிப் பாத்துட்டு, இப்பத்தான் கிளாஸ் மாதிரி இருக்குன்னு சொன்னாவ. அந்த மாசக் கேடயமும் எங்களுக்குத்தான் வந்துச்சு.”

கேடயம் வந்த வாரத்திலேயே பூஜா பள்ளிக்கூடம் வருவது நின்றுவிட்டது.

ஏன் வரவில்லை என்று ரேஷ்மாவிடம் விசாரித்திருக்கிறார். இந்த ரேஷ்மாவின் அப்பா அம்மா பீகாரிலிருந்து வந்தவர்கள். ஆனால் அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். அவள் வாயில் வரும் ‘ங்க’வை எண்ணினால் பல்லடத்துக்காரர்களே தோற்றுப்போவார்கள்!

“அவளுக்கு ஒண்ணும் புரியறதில்லீங் டீச்சர். இந்த வருசந்தானுங்க ஊர்லருந்து வந்தா. தமிழே தெரியாதுங்க.”

“முன்னாடி மட்டும் எப்படிப் புரிஞ்சது?”

“நீங்க சொல்றத நான் இந்தியில சொல்லுவனுங்க. அதுக்குத்தானுங்க எங்களைப் பிரிச்சு உட்டீங்க.”

இதைச் சொல்லும்போது ஜெனிஃபருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு குழந்தைக்குப் பாடம் போய்ச் சேர இருந்த ஒரே வழியை அடைத்துவிட்டு, அதற்குப் பரிசும் கொடுத்திருக்கிறார்கள்!

அன்று சாயங்காலமே ரேஷ்மாவைக் கூட்டிக்கொண்டு பூஜா வீட்டுக்குப் போயிருக்கிறார் ஜெனிஃபர். லைன் வீடு. ஒற்றை அறை. அம்மா கம்பெனியில் செக்கிங் வேலை முடித்து அப்போதுதான் வந்திருக்கிறார். அவர் இந்தியில் சொன்னதை ரேஷ்மாதான் தமிழாக்கினாள்.

“அங்க போயி சும்மா ஒக்காந்திருக்கறதுக்கு, ஊட்ல இருந்தா தம்பியவாச்சும் பாத்துக்குவாளாமுங்க டீச்சர்.”

நியாயம்தானே?

“நாளைலருந்து ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுதான்னு அவங்க அம்மாட்டச் சொல்லும்மா” என்றிருக்கிறார் ஜெனிஃபர். மறுநாள் பூஜா வந்துவிட்டாள்.

அதோடு விடவில்லை இந்தப் புது டீச்சர். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நிறுத்துகிறார். ‘இப்ப நான் சொன்னத பக்கத்துல இருக்கவங்களுக்கு உங்க வார்த்தையில சொல்லுங்க’ என்கிறார். வகுப்பு மொத்தமும் பேசுகிறது. அவர் பெஞ்ச் பெஞ்சாகப் போய்க் காது கொடுக்கிறார். யாருக்கு எங்கே புரியவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடுகிறதாம். கேள்வி கேட்டால் முந்திக்கொண்டு கை தூக்குகிறவனை விட்டுவிட்டு, தூக்காதவர்களுக்காகக் கொஞ்சம் காத்திருக்கிறார். பூஜாவும் இப்போது தமிழில் ஒன்றிரண்டு வார்த்தை பதில் சொல்கிறாளாம்.

சத்தம் வருகிறதா? வராமல் எப்படி இருக்கும்? பக்கத்து வகுப்பிலிருந்து புகார் போய்விட்டது. கேடயமும் போய்விட்டது. ‘கன்ட்ரோல் பத்தலீங்க’ என்ற பட்டம் மட்டும் மிச்சம்.

நான் கேட்கிறேன்... திருப்பூர்க்காரர்களுக்கா இதைச் சொல்லித் தர வேண்டும்? கம்பெனியில் மிஷின் சத்தம் நின்றால் சந்தோஷப்படுகிறோமா? கரண்ட் போச்சா, ஆர்டர் போச்சா என்று பதறி ஓடுகிறோம். வகுப்பில் சத்தம் நின்றால் மட்டும் கேடயமா? புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்களே, இரண்டு பேர் பேசினால் பிரிப்பதற்கு முன்னால், பக்கத்தில் போய் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

விழா தொடங்கியது. மைக் பிடித்தேன். நான் பேசப் பேச, ஆறாம் வகுப்பு வரிசையில் இரண்டு தலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. விளையாட்டு ஆசிரியர் பார்த்துவிட்டார். “ஏய், அங்க என்ன பேச்சு?”

“சார், அவங்க பேசட்டுங்க. அதுவரைக்கும் நான் நிறுத்திக்கறேன்” என்று மைக்கிலேயே சொன்னேன். தலைமையாசிரியர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பார்க்கட்டும் என்று நிஜமாகவே நிறுத்தி நிறுத்தித்தான் பேசினேன்.

ஆறாம் வகுப்பில் நான் கணக்கில் வாங்கிய மார்க்கைப் பற்றி ஒரு ஜோக் சொன்னேன். ஜெனிஃபரின் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு, தாமதமாகத் தனியாக ஒரு சிரிப்பு வந்தது. பூஜா!

அப்புறம் கேடயத்தை ஏழாம் வகுப்புக்குக் கொடுத்தேன். வாய்மேல் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்?

என் ஜோக்குக்கு அந்த வகுப்பில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை — சிரித்தால் கேடயம் போய்விடும் என்று சொல்லிவைத்திருந்தார்களாம்.