டிரம்மைக் கழற்றிய அடி

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மெக்கானிக் என் பழைய காரின் பின்சக்கரத்தைக் கழற்றியதும் எழுந்த கிரீஸ் வாசனை, இன்று துணிக்கடையாகிவிட்ட அப்பாவின் ராஜபாளையம் ஷெட்டுக்குள் என்னை இழுத்துப்போனது. ஏழு வயதில், ஜாக்கியில் தூக்கி நிறுத்திய கல்யாணக் காருக்குள் உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் வரும் 'கிர்ர்' சத்தம் எங்கிருந்து பிறக்கிறதென்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். வெளியே அப்பாவும் மாமாவும் வியர்த்துக் கொட்ட பின்சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எம்புட்டு அடிச்சும் அசையலயே, விடிஞ்சா கல்யாணம்லா!" என்றார் மாமா.

சலித்துப்போய், இழுத்து வைத்திருந்த பிரேக் லீவரை இறக்கினேன். அடுத்த அடியில் டிரம் அப்பாவின் மடியில் விழுந்தது. "பாத்தீரா மாப்ள, அடின்னா இது!" என்றார் அப்பா. அந்த அடியின் பெருமையை ஊரோடு சேர்ந்து நானும் நேற்றுவரை நம்பியிருந்தேன்.

"டிரம்மு வரமாட்டேங்குது," என்றார் மெக்கானிக், "ஹேண்ட் பிரேக்க எறக்குங்கக்கா."